நாரை தாழக் கட்டிய வருஷம்

ஏரிக்கரையில் லாண்டரி நடத்திய அந்த அம்மாளுக்கு நாரையம்மா என்ற பெயர் பறவைப் பிரியத்தால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்கு நாரையைக் கண்டாலே ஆகாது. கரை மேல் அவளுடைய கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் துணி உலர்த்தும் முற்றம். முற்றத்துக்கு மேல் குடை பிடித்த மாதிரி நான்கு பெரிய மரங்கள். விடுதியிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை வெளுத்து, நீலம் போட்டு, உதறிக் கொடியில் போட்டு நிமிர்வதற்குள் மேலிருந்து சொத்தென்று ஒன்று விழும். மீன் தின்கிற பறவையின் எச்சம் சாதாரண எச்சம் இல்லை. இரண்டு தடவை வெளுத்தாலும் ஓரத்தில் மஞ்சளாக ஒரு வளையம் நிற்கும்.

அதனால் அவள் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கிளையில் எது உட்கார்ந்திருக்கிறது, எது எப்போது கிளம்பும் என்று தெரிந்தால்தானே கொடியை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யலாம். எதிரியை வேவு பார்ப்பதுபோல ஆரம்பித்த காரியம் வருஷக்கணக்கில் நடந்ததில், ஏரியின் நடமாட்டம் முழுவதும் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. குளிர் தொடங்கினால் எங்கிருந்தோ வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். குளிர் விட்டதும் ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் உள்வாங்கி ஓரத்துச் சேறு பாளம் பாளமாக வெடிக்கும். அந்தச் சேற்றில் உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடிப் புழு பொறுக்கும். பிறகு காற்று திசை மாறும். அப்போது நாரைகள் வந்து சுள்ளி பொறுக்க ஆரம்பிக்கும். அன்றிலிருந்து நாரையம்மாவின் வாயிலிருந்து வரும் வசவுகளை எழுத முடியாது.

ஒரு வருஷம் அவை வழக்கத்துக்கு மாறாக மரத்தின் உச்சாணிக் கிளைகளில் கூடு கட்டின. கரைக்குக் கீழே இருந்த தெருவில் சலூன் வைத்திருந்தவரிடம், "உச்சியில போய் கட்டியிருக்கு, இந்த வருஷம் தண்ணி நிறைய வரும்போல" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தாள். அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்தது. இன்னொரு வருஷம் பாதி மரத்தில் கட்டின. பாதி ஏரிதான் நிறைந்தது. மூன்றாவதாக ஒரு வருஷம் அவை மரத்தையே சீந்தவில்லை. ஏரிக்குள் தூர் வாரிக் கொட்டியிருந்த மண்திட்டில், இடுப்பளவுப் புதர்களில் போய்க் கட்டின. அந்த வருஷம் மழை பெயருக்குத்தான் பெய்தது. அவ்வளவுதான், சலூன்காரர் பிடித்துக்கொண்டார். சலூன்காரர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தெருவே பிடித்துக்கொண்ட மாதிரி. முடி வெட்டிக்கொள்ளக் குனிந்த தலை எல்லாம் அவர் சொல்வதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

பெயரும் அப்போது வந்ததுதான். முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போகப் பிடித்துவிட்டது. காற்று மாறும் மாதம் வந்தால் தெருவில் நாலு பேர் கரையேறி வந்து, "என்னம்மா, இந்த வருஷம் எங்க கட்டியிருக்கு?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அழுக்குத் துணியோடு காலம் தள்ளுகிறவளிடம் வேறு யார் எதைக் கேட்கப் போகிறார்கள்? அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்று, அப்புறம் சொல்லுவாள்.

இந்தக் கதை நடந்த வருஷம் வெயில்காலத்தில், விடுதிக்காரர் கறை படிந்த விரிப்புகளை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டி, வேறு லாண்டரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே அவள் மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தாள். முற்றத்துக்கு மேலே வந்த கிளை, உச்சியில் பரந்த கிளை எல்லாவற்றையும் கழிக்கச் சொன்னாள். அவர் மொட்டையடித்தே விட்டார். நான்கு மரமும் கை வெட்டுப்பட்ட ஆட்கள்போல நின்றன. முற்றத்தில் வெயில் கொட்டியது. விரிப்புகள் மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்தன. அவளுக்கு ஏக சந்தோஷம்.

அடுத்த கொஞ்ச நாளில் அவளுடைய தம்பி லாரி மேலிருந்து விழுந்தான். தார்ப்பாய் கட்ட ஏறியவனுக்குக் கால் வழுக்கி, இடுப்பெலும்பு நொறுங்கியது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து, அசையக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் வீடு கரையை ஒட்டிய கடைசி வீடு. வாசலில் நின்றால் எதிரே கரையின் சரிவுதான் தெரியும். அந்தச் சரிவுக்கு அந்தப் பக்கம், அவன் தலைக்கும் மேலே, ஏரி. தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவனுக்கு ஒன்று என்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

காற்று மாறியது. தம்பி மனைவி கரையேறி வந்தாள்.

"அண்ணி, மேட்டுத் தெருவுல ஒரு ரூம் காலியா இருக்காம். மழைக்கு முன்னாடி இவரை அங்க மாத்திடலாமான்னு யோசிக்கிறேன். ஆனா தூக்கிட்டுப் போனா தையல் பிரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

நாரையம்மா ஏரியைப் பார்த்தாள். மண்திட்டில் நாரைகள் சுள்ளி சுமந்துகொண்டிருந்தன. புதர்களில், மிகவும் தாழ்வாக, ஏழெட்டுக் கூடுகள்.

"ஒண்ணும் வேணாம். திட்டுல கட்டியிருக்கு பாரு. இந்த வருஷம் மழையே இருக்காது. அவனைப் போட்டு உலுக்காதே" என்றாள்.

தம்பியை அசைக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்கே நிம்மதி. அவள் சொன்னது அன்று மாலைக்குள் சலூனுக்குப் போய், அங்கிருந்து தெரு முழுக்கப் போய்விட்டது. கூரை மாற்றவிருந்தவர் மாற்றவில்லை. பரண் போடவிருந்தவர் பலகையை விற்றுவிட்டார்.

மழை வந்தது. முதலில் நச நசவென்று வந்தது, பிறகு விடவே இல்லை. ஏரி ஒவ்வொரு காலையிலும் ஒரு படி மேலே ஏறியிருந்தது. குளிப்பதற்கு இறங்கும் கற்படிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தண்ணீரின் நிறம் மாறிக் கஷாயம்போல ஆயிற்று. எப்போதும் கூச்சல் போடும் நாமக்கோழிகள் கோரைக்குள் ஒடுங்கிக் கிடந்தன, சத்தமே இல்லை. கரையில் எலிகள் பட்டப்பகலில் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடின. ஒரு நாள் இஸ்திரிப் பெட்டி வைக்கும் மேஜைக்கு அடியில் தண்ணீர்ப்பாம்பு சுருண்டிருந்தது. நாரையம்மா எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்டின் மேல் நாரைகள் அசையாமல் அடை காத்தன, குஞ்சும் பொரித்தன. அது போதும் என்று இருந்தாள்.

மதகைத் திறந்து மூடும் காவலர், பாவம், ஒருநாள் கொட்டகைக்குள் வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கரைக்கு வெளிப்பக்கம் ஊறல் எடுக்குது. மண்ணு கால்ல ஒட்டுது. எனக்கு என்னவோ சரியாப் படல."

"வருஷா வருஷம் ஊறத்தானே செய்யுது" என்றாள் அவள்.

"முன்ன தெளிவா ஊறும். இப்ப கலங்கலா வருது. உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம்."

மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் வந்து, எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று கத்திவிட்டுப் போனது. ஒரு ஆள் அசையவில்லை. சலூன்காரர் வாசலில் நின்று, "ஆபீசரு ஜன்னல்ல இருந்து பார்த்துச் சொல்றாரு. நாரை தண்ணிக்குள்ளயே நின்னு பார்த்துச் சொல்லுது. யாரை நம்பறது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று பகலில் மழை சற்று ஓய்ந்தது. கிடைத்த வெளிச்சத்தில் நாலு விரிப்பையாவது காய வைக்கலாம் என்று நாரையம்மா முற்றத்துக்கு வந்தாள். விரிப்பைக் கொடியில் போட்டாள். பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தாள். மேலே வெறும் வானம். கருத்துப் போய், தலையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்த வானம். வெட்டுப்பட்ட மரங்களில் விரல் நீளத்துக்குத் துளிர்கள்தான் இருந்தன. ஒரு குருவி உட்கார்ந்தால்கூட வளையும்.

இந்தப் பருவம் முழுக்க ஒரு விரிப்பில்கூடக் கறை விழவில்லை என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். கறை எங்கிருந்து விழும்? உட்காரக் கிளை இருந்தால்தானே உட்காரும்? உச்சியில் கட்டவேண்டும் என்று அவை வந்திருந்தாலும் உச்சி ஏது? அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் திட்டுக்குப் போயிருக்கின்றன. போக்கிடத்தை அழித்தவளே, அதைப் பார்த்து, மழை இல்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். கையிலிருந்த அடுத்த விரிப்பு சேற்றில் விழுந்தது; அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

செருப்புகூடப் போடாமல் கரையிறங்கித் தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். சலூன்காரர் அவனுக்கு முகம் மழித்துவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்புங்க. நான் சொன்னது தப்பு. மரத்தை நான்தான் வெட்டச் சொன்னேன். கிளை இல்லாமத்தான் அதுங்க திட்டுக்குப் போயிருக்கு. மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

தம்பி ரேடியோவை அணைத்தான். "உக்காரு அக்கா. மூச்சு வாங்குது பாரு."

"உக்கார நேரம் இல்லடா."

"போன மாசம் ஒரு பேச்சு, இந்த மாசம் ஒரு பேச்சா? வண்டிக்காரன் மைக்குல கத்தினதும் நீ பயந்துட்டே. எனக்கு திரும்பிப் படுக்கவே உயிர் போகுது. என்னைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு எப்படிப் போவீங்க?"

சலூன்காரர் கத்தியை மடக்கினார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தன் கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் அடித்துச் சொன்ன ஒரு விஷயத்தைத் திரும்பப் பெறுவது யாருக்கும் லேசான காரியம் இல்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மனுஷி, உங்களுக்குப் பயம் வரும். அது பறவை. குஞ்சை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. தண்ணி வரும்னா குஞ்சை விட்டுட்டுப் பறந்திருக்குமில்ல? அது கெளம்பட்டும், முதல் ஆளா நான் மூட்டை கட்டறேன். இவரை நானே தூக்கிட்டுப் போறேன்."

அவள் வீடு வீடாகப் போனாள். தெரு முழுக்க இதே பேச்சுத்தான். இத்தனை வருஷம் தன் வாயால் சொல்லிச் சொல்லி வளர்த்தது, இன்று அவளையே யார் நீ என்று கேட்டது. கடைசியாகப் போன வீட்டில் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள், "நீங்க சொன்னதாலதான் நாங்க இருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கரைச் சரிவின் அடியிலிருந்து பழுப்பாக ஒரு சிறு ஓடை கிளம்பி அந்த வீட்டு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

நாரையம்மா கொட்டகைக்குத் திரும்பினாள். மண்திட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த நீளமான கவைக்கம்பை உருவினாள். கொடி தளர்ந்து விரிப்புகள் எல்லாம் தரையில் புரண்டன.

திட்டுக்குப் போகிற வழி முதலில் முழங்கால் ஆழம், பிறகு இடுப்பு, ஓரிடத்தில் மார்பு. கம்பை ஊன்றி ஊன்றிப் போனாள். தெருவிலிருந்து பார்த்தால் கரை மறைக்கும். தண்ணீரில் இருக்கிற அவள் தெரிய மாட்டாள். மேலே எழும்புகிற பறவைதான் தெரியும். அதையும் அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். கிட்டே போனதும் ஒரு தாய்ப் பறவை எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, அவளைப் பார்த்தது. இத்தனை வருஷம் அண்ணாந்தே பார்த்திருக்கிறாள். கண்ணுக்கு நேராக ஒரு நாரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போயிடு. போயித் தொலை" என்றாள்.

அது போகவில்லை. அவள் கம்பை ஓங்கினாள்.

அதற்கு மேல் நடந்ததை அவள் எவரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. நானும் விவரிக்கப் போவதில்லை. வெறும் சுள்ளிதான், ஒரு தட்டில் கலைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். குஞ்சுகள் அலகாலும் இறக்கைக் குருத்தாலும் கிளைகளைப் பற்றிக்கொண்டு தொங்கின. பெரிய பறவைகள் மேலே வட்டமிட்டுக் கரகரத்த குரலில் அலறின. எல்லாக் கூடும் கலைந்த பிறகும் சில தாய்ப் பறவைகள் திரும்பத் திரும்ப இறங்கப் பார்த்தன. அவை உயரே ஏறிப் போகும்வரை அவள் கம்பைச் சுழற்றிக்கொண்டே நின்றாள். அழுதுகொண்டே சுழற்றினாள்.

கரைக்குக் கீழே சலூன்காரரின் குரல் கேட்டது. "கெளம்பிடுச்சு. நாரை கெளம்பிடுச்சு."

அவள் ஈரம் சொட்டச் சொட்டத் தெருவுக்கு வந்தபோது தெருவே தலைகீழாகியிருந்தது. பாய், பாத்திரம், தையல் மிஷின், கைக்குழந்தை, எல்லாம் மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சொன்ன சொல் தவறாமல் சலூன்காரர் தன் சுழல் நாற்காலியின் இருக்கையைக் கழற்றிக்கொண்டுவந்து, தம்பியை அதில் உட்கார்த்தி, இரண்டு பேராகத் தூக்கி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் தம்பி பல்லைக் கடித்தான். அக்காவைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னான். அவள் மார்புவரை நனைந்திருந்த புடவையைப் பார்த்தான். தோளில் ஒட்டியிருந்த மெல்லிய வெள்ளைத் தூவியைப் பார்த்தான். கை நீட்டி அதை எடுத்து, தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

"எதுவும் பேசாதே. பேசினா திரும்பிடுவாங்க" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

மறுநாள் விடிகிற சமயத்தில், எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை உடைந்தது. பெரிய சத்தம் இல்லை. ஒரு பக்கத்து மண் உட்கார்ந்தது, தண்ணீர் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அப்புறம் தெரு இல்லை. தம்பி வீட்டின் சுவர் சாய்ந்து, கட்டில் மிதந்து வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. கைக்குழந்தைக்காரி நாரையம்மாவின் காலைத் தொட வந்தாள். அவள் பாம்பை மிதித்தவள் மாதிரி பின்வாங்கினாள்.

மழை விட்டு இரண்டு நாள் கழித்து, கொட்டகை இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க அவள் கிளம்பினாள். தம்பி மனைவி துணைக்கு வந்தாள். கொட்டகை இருந்தது. விரிப்புகள் எல்லாம் சேற்றில் புதைந்திருந்தன. மதகுக் காவலர் உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஏரி பாதியாக வடிந்திருந்தது. மண்திட்டு முழுசாக மேலே தெரிந்தது. புதர்களின் தண்டில் தண்ணீர் ஏறி நின்ற அடையாளமாக நுரையும் குப்பையும் கோடு போட்டிருந்தன. கோடு கூடுகள் இருந்த கிளைகளுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது.

"அதுக்கு மேல ஏறலியா?" என்று நாரையம்மா கேட்டாள்.

"எங்க ஏற? அதுக்குள்ள கரை உடைஞ்சு உங்க தெருவுக்குள்ள இறங்கிடுச்சே" என்றார் காவலர். "தெரு வாங்கிக்கிச்சு, திட்டு தப்பிச்சிடுச்சு. அந்தக் கூடெல்லாம் நனைஞ்சுகூட இருக்காது."

அவை தங்களுக்குச் சரியான இடம் பார்த்துத்தான் கட்டியிருந்தன. தெருவைப் பற்றி அவை என்றைக்கும் எதுவும் சொன்னதில்லை. திட்டில் இரண்டு மூன்று நாரைகள் திரும்பி வந்திருந்தன. ஒன்று புதர்மேல் நின்று, குஞ்சுக்கு இரை கக்கிக் கொடுப்பதற்காகக் கழுத்தை வளைத்துக் குனிந்தது. வெறும் கிளையின் மேல் அலகைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"பாருங்களேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "தண்ணி அதுங்க கிட்டயே வரல. அப்புறம் எதுக்கு அன்னிக்குக் குஞ்சையும் விட்டுட்டுக் கெளம்பிச்சுங்க? நமக்குச் சொல்றதுக்குத்தானே?"

"நான்தான் கம்பால அடிச்சேன்" என்றாள் நாரையம்மா. "கூட்டை எல்லாம் கலைச்சேன். குஞ்செல்லாம் தண்ணியில போச்சு. நான்தான் அடிச்சேன்."

தம்பி மனைவி கிட்டே வந்து, அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணு நாளா நீங்க கண்ணே மூடல அண்ணி. என்னென்னவோ பேசறீங்க. வாங்க, போய்ப் படுங்க. தண்ணி வடிஞ்சதும் பழைய இடத்துலயே வீட்டைக் கட்டிக்கலாம்னு தெருவுல எல்லாரும் பேசி முடிச்சுட்டாங்க. நீங்கதான் இங்கயே இருக்கீங்களே. அடுத்த வருஷம் அதுங்க எங்க கட்டுதுன்னு பார்த்துச் சொல்லிடுங்க, போதும்."